பெயரின்றி எழுதிய இதழாளர்

கேள்வி: விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி எழுதிய இதழாளர்களுள் நினைவுகூரத்தக்கவர் எவர்?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் உக்ரைனைச் சேர்ந்த இஹோர் கொஸ்தென்கோ. லிவிவ் பல்கலைக்கழகத்தில் புவியியல் பயின்றுகொண்டே விளையாட்டுச் செய்தியாளராகவும் பணியாற்றிய அவர், உக்ரைனிய விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ 280 கட்டுரைகளைத் தொடங்கி, 1,600-க்கும் மேற்பட்ட திருத்தங்களைச் செய்தார். அங்கே எழுதியவரின் பெயர் கட்டுரையின் தலைப்பில் இடம்பெறுவதில்லை. திருத்தங்கள் அனைத்தும் பதிவாகும் பக்க வரலாற்றைத் திறந்து பார்ப்பவருக்கே, அதுவும் பெரும்பாலும் புனைபெயராகவே, தெரியவரும். பெயரிட்டு எழுதும் தொழிலில் இருந்த ஓர் இளைஞர் இதை மனமுவந்து ஏற்றது என்னை நெகிழச் செய்கிறது. 2014 பிப்ரவரி 20 அன்று தலைநகர் கீவில், அன்றைய அரசுக்கு எதிராக மக்கள் நடத்திய மைதான் போராட்டத்தின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22. மறைவுக்குப் பின், அந்நாட்டின் மிக உயரிய சிறப்பான ‘உக்ரைனின் வீரர்’ பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.