உடம்பு முடியாமல் வருமானம் குறைந்துவிட்டது, கடன் கட்ட முடியவில்லை. திவால் மனு கொடுத்துவிடலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: உடம்பு படுத்துவதால் முன்போல வேலை பார்க்க முடியவில்லை, வருமானம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, கடன் ஏழெட்டு லட்சம் நிற்கிறது, மஞ்சள் நோட்டீஸ் (திவால் நோட்டீஸ்) கொடுத்துவிட்டால் நிம்மதி கிடைக்குமா?

நேற்று ராத்திரி இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2023 ஆடி மாதம் இதே கேள்வியோடுதான் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மாடி ஏற மூட்டு ஒத்துழைக்கவில்லை. அந்த வக்கீல் அம்மாவே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்து என் காகிதங்களைப் பார்த்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சட்டம் படித்தவள் இல்லை. கொருக்குப்பேட்டையில் தையல் யூனிட் வைத்திருந்தவள். என் விஷயத்தில் எனக்குச் சொல்லப்பட்டதையும் நான் செய்ததையும்தான் எழுதுகிறேன். "வாங்கிய கடனை ஏமாற்ற வழி சொல்கிறாள்" என்று கீழே வந்து எழுத நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள். கடன் கட்டாதவர்கள் எல்லாம் கட்ட மனசில்லாதவர்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான்.

மூன்று பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், கூட நான்கு பெண்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுத்தோம். எல்லாச் செலவும் போக மாதம் 26,000 ரூபாய் கையில் நிற்கும். 2021 கடைசியில் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. வேலைப்பளு என்று தைலம் தேய்த்துக்கொண்டே நான்கு மாதம் ஓட்டினேன். அப்புறம்தான் முடக்கு வாதம் என்று தெரிந்தது. இந்த நோயைப் பார்க்காதவர்களுக்கு அது புரியாது. காலை ஆறு மணிக்கு என்னால் மெஷினின் நூல் பாபினை அதன் கேஸில் போட முடியாது. நூலைப் பிடித்தால் நழுவும், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடு ஒன்று சேராது. பத்து பத்தரைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. அதற்கு மறுநாள் முழுக்கக் குமட்டல். ஆக வாரத்தில் வேலை செய்யும் நாள் நான்கு, அதிலும் அரை நாள். கையில் வந்தது 9,000.

கடன் இப்படி இருந்தது. பைனான்ஸ் கம்பெனி தொழில் கடன் பாக்கி 3,10,000. பாங்கில் முத்ரா லோன் 2,80,000. நகை அடகு 1,20,000. ஐந்து பேரிடம் கைமாத்து 95,000. குழு லோன் 38,000. மொத்தம் 8,43,000. இந்தக் கணக்கை ஒரே தாளில் எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. எழுதாத வரை அது ஏதோ ஒரு மூட்டமாகத்தான் இருந்தது.

நான் வக்கீலிடம் போகக் காரணமே ஒரு ரயில்வே கேட்தான். கொருக்குப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கேட் போட்டால் போட்டதுதான். ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறோம், சரக்கு ரயில் ஊர்ந்து போகிறது. பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. வசூல் பையன். என் மகளைவிட நாலைந்து வயது பெரியவனாக இருப்பான். "அக்கா, எட்டு மாச டியூ. அடுத்த தடவை போலீசோட வந்தா நல்லா இருக்காது" என்று ஆட்டோவுக்குள் தலையை நீட்டிச் சொன்னான். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நான் வேகன்களை எண்ண ஆரம்பித்தேன். நாற்பது வரை எண்ணினேன். எண்ணாமல் இருந்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

வக்கீல் அம்மாவிடம் முதலில் கேட்டது, என்னை ஜெயிலில் போடுவார்களா என்பதுதான். கடன் தொகைக்கான டிக்ரியில், அதாவது கோர்ட் தீர்ப்பில், பெண்ணைக் கைது செய்ய முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 56ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்றார். ஆண்களுக்கும், கட்ட வசதியில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறை கூடாது என்று 1980இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். ஆனால் செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் அது தனிக் கதை, அது கிரிமினல் வழக்கு, திவால் மனு அதைத் தடுக்காது. நீங்கள் செக் கொடுத்திருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். லோன் வாங்கும்போது நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருப்போம், நமக்கே நினைவிருக்காது.

அப்புறம் திவால் பற்றிச் சொன்னார். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பற்றி நீங்களும் எங்கோ படித்திருப்பீர்கள். அதில் ஆண்டு வருமானம் 60,000க்கு மேல் போகாத, 35,000 வரை கடன் உள்ள ஏழைகளுக்கு ஒரு தள்ளுபடி வழிகூட எழுதியிருக்கிறது. ஆனால் தனிநபர் பகுதியில் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பரில் அமலாக்கினார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு, நான் போன அன்று வரை, பழைய சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மனு போட வேண்டிய இடம் உயர் நீதிமன்றம். வெளியூர்களுக்கு 1920ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்று அதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஐந்நூறு!

மனு ஏற்கப்பட்டால் நம் சொத்து முழுவதும் அபிஷியல் அசைனி என்ற நீதிமன்ற அதிகாரியின் பொறுப்புக்குப் போய்விடும். கடன் கொடுத்தவர்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் நம்மேல் வழக்குப் போட முடியாது. இது பெரிய நிம்மதி, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடகு வைத்த நகைக்கும் அடமானம் வைத்த வீட்டுக்கும் அது பொருந்தாது. பெயர் அரசிதழில் வரும். தொழில் கருவி, துணிமணி, படுக்கை, பாத்திரம் எல்லாம் சேர்த்து 300 ரூபாய் மதிப்பு வரைதான் நமக்கு விட்டு வைக்கச் சட்டம் சொல்கிறது. என் பவர் மெஷின் ஒன்றே இருபதாயிரத்துக்கு மேல். "நடைமுறையில உங்க அண்டாவைத் தூக்கிட்டுப் போக யாரும் வரமாட்டாங்கம்மா. ஆனா மெஷினைப் பத்தி நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். திவால் நிலையிலிருந்து விடுதலை தரும் உத்தரவு தானாக வராது, அதற்கும் நாமே மனு போட வேண்டும். அது வரும் வரை ஐம்பது ரூபாய்க்கு மேல் யாரிடம் கடன் வாங்கினாலும் நான் திவாலானவள் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொல்லாமல் வாங்கினால் குற்றம்.

"கடைசி ரெண்டு வருஷத்துல எதையாவது யார் பேருக்காவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். இல்லை. "சமீபத்துல ஒருத்தருக்கு மட்டும் பணத்தைத் திருப்பினீங்களா?" அங்கே மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை, தன் மகள் கல்யாணம் என்று கேட்டதால், ஒற்றைக் கம்மலை விற்று அவரிடம் வாங்கிய கைமாத்தில் 12,000 திருப்பிக் கொடுத்திருந்தேன், ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனு போடுவதற்கு மூன்று மாதத்துக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததாக அதைத் தோண்டலாமாம். தயவுசெய்து யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு வீட்டை மைத்துனர் பெயருக்கு எழுதிவிட்டு அப்புறம் மனு போடலாம் என்று போகாதீர்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "சூரிட்டி யார்?"

பைனான்ஸ் கடனுக்குச் சூரிட்டி, அதாவது நான் கட்டாவிட்டால் தான் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவன், என் தம்பி. காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறான். "அக்காவுக்குத்தானே" என்று படித்துக்கூடப் பார்க்காமல் போட்ட கையெழுத்து. நான் திவாலானாலும், அதிலிருந்து விடுதலை பெற்றாலும், சூரிட்டி போட்டவருக்கு விடுதலை கிடையாது. கம்பெனி நேராக அவன் வீட்டுக்குப் போகும். குழு லோனும் அப்படித்தான், என் டியூவை மற்ற ஒன்பது பெண்கள் கட்ட வேண்டும். அதில் இரண்டு பேர் என் யூனிட்டிலேயே தைத்தவர்கள்.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு முடிவாகிவிட்டது. மானம் போகும் என்ற பயமெல்லாம் கேட்டில் நின்ற அன்றே போய்விட்டது. என் நிம்மதிக்காகத் தம்பியை அந்தப் பைக் பையனிடம் விட முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் அவன் வீட்டுக்குப் போயிருந்தது. பிரித்துப் படித்தவள் அவன் மனைவி. எனக்கு போன் செய்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "அண்ணி, இதுல எங்க பேரு எப்படி வந்துச்சு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதன் மூலம் பாங்க், பைனான்ஸ் கம்பெனி இரண்டு கடனையும், இரு தரப்பும் பேசிச் சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) கொண்டுபோனோம். மருத்துவச் சீட்டு, வருமானச் சான்று, கடன் பட்டியல் மூன்றையும் வைத்தோம். பைனான்ஸ் கடன் 2,15,000க்கும் பாங்க் கடன் 1,70,000க்கும் தவணையோடு முடிவானது. தம்பியின் சூரிட்டி ரத்தாகும் என்பதை அந்த உத்தரவிலேயே எழுத வைத்தோம். அங்கே முடிவானால் அப்பீல் கிடையாது, அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் தவணைத் தொகை உங்களால் முடியுமா என்று பத்து தடவை கணக்குப் பாருங்கள். நகையை மீட்டு விற்றதில் மிஞ்சியது, இரண்டு மெஷின், ஓவர்லாக், துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் வீட்டுக்காரரின் சம்பளம், எல்லாம் அதற்கே போயின. குழு லோனைத்தான் முதலில் முடித்தேன். கைமாத்தில் இன்னும் 30,000 பாக்கி இருக்கிறது. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் கணக்கில் 'செட்டில்டு', அதாவது முழுத் தொகை கட்டாமல் பேசி முடித்தது, என்று விழுந்துவிட்டது, இனி எந்த பாங்கும் சுலபமாகக் கடன் தராது. தெரிந்தேதான் செய்தேன்.

வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே இருக்கிறது. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். நான் எழுதிக் கொடுத்த பிறகு பைக் வருவது நின்றது.

இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தேன், என்னைக் கூப்பிட்டபோது மதியம் ஒன்றே கால். அதற்குள் மாத்திரை வேலை செய்து விரல் இளகிவிட்டது. "கையை மூடுங்க, திறங்க" என்றார்கள். மூடினேன், திறந்தேன். 30 சதவீதம் போட்டார்கள். காலையில் வந்து பாருங்கள், என்னால் டம்ளரைப் பிடிக்க முடியாது என்று சொன்னேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். காலும் கையும் இருந்து வலி மட்டும் உள்ளவர்களை யார் நம்புவது? பஸ்ஸில் சீட்டு கேட்டாலும் இதே பார்வைதான். திரும்பவும் விண்ணப்பிக்கப் போகிறேன், இந்த முறை காலை நேரத்தில் விரல்களை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்குக் குடும்பம், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சூரிட்டி யாரும் இல்லை, பெயரில் வீடு இல்லை, திரும்பிய செக் இல்லை, கடனெல்லாம் கைக்கடனும் கிரெடிட் கார்டும்தான், உடம்பு இனி தேறாது என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றால், மனு கொடுப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஓடி ஒளிவதைவிடக் கோர்ட்டில் போய் உள்ளதைச் சொல்வது எவ்வளவோ மேல். ஊர் பேசும், பேசட்டும். நான் அந்த நிலையில் இருந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஆனால் உங்கள் கேள்வியில் உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று எழுதவே இல்லை. லோன் தாள்களை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மதியத்துக்கு மேல்தான் டைப் செய்ய முடியும், கொஞ்சம் தாமதமாகும்.