கம்பளி நூலும் காலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பறவைகள் சிறகடிக்காமல் வட்டமிடுவதைப் பற்றிய கட்டுரையில், கிளைடர் ஓட்டப் பழகிய நாட்களைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன். நானும் பயிற்சியில் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. நேராகப் பறப்பது ஓரளவு வருகிறது. திரும்பினால் எல்லாம் குலைந்துவிடுகிறது. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நூல் ஒரு பக்கமாக ஓடுகிறது. அதைச் சரிசெய்வதற்குள் வேகமானியின் முள் ஏறிவிடுகிறது. முள்ளை இறக்கினால் சாய்வு கூடியிருக்கிறது. தரையிறங்கும்போது பின்னிருக்கையிலிருந்து பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்கிறார். இந்த வித்தை எனக்கு வராதோ என்று தோன்றுகிறது. என்ஜின் உள்ள விமானத்திலேயே தொடங்கியிருக்கலாமே என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நூல் வருகிறது, முள் வருகிறது, தொடுவானம் மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம்.

கிளைடரின் வேகத்தைத் தீர்மானிப்பது மூக்கின் நிலை. மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும், உயர்ந்தால் குறையும். ஆனால் உடனே அல்ல. கிளைடர் வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும், அதன் பிறகுதான் முள்ளுக்குச் செய்தி போகும். முள்ளைப் பார்த்துக் கட்டுப்பாட்டுத் தண்டை அசைப்பவர் நடந்து முடிந்ததைத் துரத்துகிறார். அவர் திருத்தி முடிக்கும்போது முள் மறுபக்கம் போயிருக்கும். தொடுவானத்துக்கும் காக்பிட்டின் முன்விளிம்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். அதை அப்படியே வைத்திருந்தால் முள் தானாக ஓரிடத்தில் நிற்கும். தண்டையும் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோலப் பிடியுங்கள், இரண்டு விரலும் கட்டைவிரலும் போதும். முஷ்டியாகப் பிடித்தால் தோளில் உள்ள பதற்றம் அத்தனையும் இறக்கைக்குப் போய்விடும்.

இனி நூல். காற்று மூக்குக்கு நேராக வந்தால் அது நடுவில் நேராகக் கிடக்கும், பக்கவாட்டில் வந்தால் ஒரு பக்கம் ஓடும். பல லட்சம் மதிப்புள்ள இயந்திரத்தில் ஒரு துண்டுக் கம்பளி நூலை ஒட்டுநாடாவால் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் சிரிப்பார்கள். உலகப் போட்டிகளில் பறக்கும் கிளைடர்களிலும் அதே நூல்தான். பேட்டரி வேண்டாம், பழுதாகாது, பொய் சொல்லாது.

வலப்பக்கம் திரும்பத் தண்டை வலப்பக்கம் சாய்க்கிறீர்கள். இடது இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஐலரான் என்ற மடல் கீழே இறங்குகிறது, அந்த இறக்கை மேலே போகிறது. மேலே தூக்கும் விசை கூடும்போது பின்னுக்கு இழுக்கும் விசையும் கூடும். அதனால் நீங்கள் வலப்பக்கம் போக நினைக்கும் அந்தக் கணத்தில் மூக்கு இடப்பக்கம் நழுவுகிறது, நூலின் நுனியும் இடப்பக்கம் பறக்கிறது. எல்லா விமானங்களிலும் உள்ளதுதான் இது. ஆனால் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் ஏஎஸ்கே 21 போன்ற கிளைடருக்கு இறக்கை முனைக்கு முனை 17 மீட்டர். அத்தனை நீளத்தின் ஓரத்தில் நடக்கும் இழுப்பு மூக்கை நன்றாகவே திருப்பிவிடும். அதைத் தடுப்பது ரடர், அதாவது வாலில் நிமிர்ந்து நிற்கும், கால் பெடலால் அசையும் மடல். தண்டு வலப்பக்கம் போகும் அதே நேரத்தில் வலது காலும் பெடலை அழுத்த வேண்டும். நூல் ஓடிய பிறகு அழுத்தினால் தாமதம். ஓடிவிட்டால் விதி எளியது: நூலின் நுனி எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கால்.

பெரும்பாலோர் தடுமாறுவது அடுத்த கட்டத்தில். வேண்டிய சாய்வு வந்ததும் தண்டை நடுவுக்குக் கொண்டுவருகிறோம், கால் மட்டும் அங்கேயே மறந்துபோய்க் கிடக்கிறது. இப்போது நூல் வலப்பக்கம் ஓடும். கையைத் தளர்த்தும்போது காலையும் தளர்த்துங்கள். சாய்வு தானாகக் கூடுவதற்கு உங்கள் கை காரணமல்ல. வட்டத்தின் வெளிப்பக்க இறக்கை உள்பக்க இறக்கையைவிட வேகமாகப் போகிறது, அதனால் அதற்குத் தூக்கு விசை சற்று அதிகம். தண்டை ஒரு மயிரிழை எதிர்ப்பக்கம் வைத்தால் நின்றுவிடும்.

திரும்புவதற்கு முன் அந்தப் பக்கம் முழுவதும் பார்த்தீர்களா என்று பயிற்றுநர் நச்சரிப்பாரே, அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். மேலெழும் ஒரே வெப்பக்காற்றில் நாலைந்து கிளைடர்கள் சுற்றும் நாளில் உங்களைக் காப்பது கழுத்துதான்.

தரையிறக்கத்தை அவர் வாங்கிக்கொள்வதில் வருந்த ஒன்றுமில்லை. என்ஜின் இருந்தால் இன்னொரு சுற்று சுற்றி வரலாம், கிளைடரில் அது கிடையாது. கடைசிச் சில மீட்டர்களில் விளக்கிச் சொல்லவும் நேரமில்லை. அவர் ஓட்டும்போது வேடிக்கை பார்க்காமல், இறங்கவேண்டிய இடத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் மாறாமல் இருக்கும்போது அந்தப் புள்ளி கண்ணாடியில் மேலே நகர்ந்தால் அதற்கு முன்பே தரை தட்டும், கீழே நகர்ந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். அசையாமல் நின்றால் சரியாகப் போகிறீர்கள். அவருடைய இடது கை, இறக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஏர்பிரேக்கின் நீலக் கைப்பிடியை இழுப்பதும் மூடுவதும் அதற்காகத்தான். உங்கள் பக்கக் கைப்பிடியும் கூடவே அசையும். தொட்டும் தொடாமலும் கையை வைத்துப் பழகலாமா என்று கேளுங்கள்.

உங்கள் நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று சுமார் 41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீரத் தொடங்கி, அடுத்தடுத்து இரண்டு என்ஜின்களையும் இழந்தது. எரிபொருள் கணக்கில் கிலோகிராமுக்குப் பதில் பவுண்டு புகுந்ததுதான் காரணம். விமானி ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கும்போது உயரம் அதிகமாக இருந்தது. அவர் தண்டை ஒரு பக்கமும் ரடரை எதிர்ப்பக்கமும் கொடுத்து, விமானத்தைப் பக்கவாட்டில் நழுவவிட்டு உயரத்தைக் குறைத்தார். அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். நண்பர்கள் வீண் சிரமம் என்று சொல்வது இதைத்தான்.

அடுத்த முறை நல்ல உயரத்தில் இருக்கும்போது வேகமானியை ஒரு காகிதத்தால் மறைத்துவிடும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். வியப்படைய மாட்டார், பலர் தாமாகவே செய்வதுதான். மூக்கின் நிலையையும் காற்றின் இரைச்சலையும் மட்டும் வைத்து இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பிறகு காகிதத்தை எடுக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.