பலூன் இல்லாமல் ஒரு பிறந்தநாள்

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் என் மகனுக்கு 6 வயது. போன வருஷம் லயத்தில் எல்லாரையும் கூப்பிட்டோம். ஒரு காம்பராவுக்குள் முப்பது பேர், வாசலில் கொழுந்தனார் வைத்த சவுண்ட் பொக்ஸ். கேக் வெட்டும்போது யாரோ பலூனை உடைக்க, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இழுத்து எடுக்கப்போன நாத்தனாரைக் கடித்தும் விட்டான். பாண் வண்டிப் பாட்டுக்கே அழுவான், சட்டைக் கழுத்தில் லேபிள் இருந்தால் போடமாட்டான். மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். ஒன்றும் செய்யாமல் விட்டால் பாவமாக இருக்கிறது, செய்யவும் பயம். அக்கம்பக்கத்தைக் கூப்பிடாவிட்டால் பேச்சு வரும்.
(பெயர் வேண்டாம், தலவாக்கலை)

பதில்: முதலில் மாமியார் விஷயம். திருநீறு பூசினால் பூசட்டும், அதில் நஷ்டமில்லை, ஆனால் இது பார்வை பட்ட வேலை இல்லை. சத்தம், தொடுகை, வாசனை, வெளிச்சம் இவற்றை மூளை வாங்கி ஒழுங்குபடுத்துகிற விதம் சில பிள்ளைகளுக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க சிகிச்சையாளர் 1972-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது இருக்கும், அது இல்லாத பிள்ளைகளுக்கும் இருக்கும், அதனால் நீங்களாக ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டாம். கிளினிக்கில் மிஸ்ஸியிடம் சொல்லி, சிறுவர் வைத்தியரிடம் காட்ட வழி கேளுங்கள். அவர் தேவைப்பட்டால் ஒக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (உடுப்பது, சாப்பிடுவது, விளையாடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளையைப் பழக்குகிற சிகிச்சையாளர்) அனுப்புவார்.

இன்னொன்று கவனித்துப் பாருங்கள். தகரத்தில் மழை கொட்டும்போது உங்கள் மகன் அழுகிறானா? அழாவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள். மழை ஒரே மாதிரி கொட்டுகிறது, பலூன் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. சத்தத்தின் அளவைவிட அந்தத் 'திடீர்' தான் பல பிள்ளைகளைப் படுத்துகிறது. அதோடு, பீலியில் வைத்த வாளி மாதிரி, காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது: புதுச் சட்டை, கன்னத்தைக் கிள்ளுகிற பெரியம்மா, போனின் வெளிச்சம், ஊதுபத்தி, முப்பது பேரின் மூச்சு. பலூன் கடைசிச் சொட்டு, அவ்வளவுதான். கடித்தது கெட்ட பழக்கம் இல்லை, ஓட வழியில்லாத பிள்ளை வேறு என்ன செய்வான்?

சரி, லயத்துப் பேச்சு. அங்கே சுவருக்கு அந்தப்பக்கம் தும்மினால் இந்தப்பக்கம் கேட்கும், கூப்பிடாமல் விட்டால் மனஸ்தாபம் வரும் என்பதை நானும் அறிவேன். அதனால் பிறந்தநாளை இரண்டாகப் பிரியுங்கள். அன்றைக்குக் கேக் வெட்டுவது வீட்டுக்குள் நாலைந்து பேரோடு, அவனுக்குப் பிடித்த ஒரு கூட்டாளி வந்தால் போதும். அதற்கு முந்தின நாளே நீங்களும் கணவரும் வீடு வீடாகப் போய்ப் பாற்சோறோ கேசரியோ கொடுத்து, 'பிள்ளைக்குச் சத்தம் தாங்காது, அதனால நாங்களே கொண்டு வந்தோம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் பேச்சு, சொன்னால் பாதிப்பேர் தங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள். பெரியவர்களுக்கு விருந்து வைத்தே ஆகவேண்டுமென்றால் சம்பளம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், பிள்ளையை அந்நேரம் தாத்தாவோடு அனுப்பிவிடலாம்.

கேக் வெட்டுகிற நேரத்துக்குச் சில சின்ன வேலைகள் இருக்கின்றன. நடக்கப்போவதை நாலு படமாகக் கீறி ஒரு வாரமாக அவனுக்குக் காட்டுங்கள்: கேக் வரும், மெழுகுவர்த்தி, பாட்டு, சாப்பாடு. கைதட்ட வேண்டாம், பாட்டை மெதுவாகப் பாடலாம், அவன் வேண்டாமென்றால் பாட்டே வேண்டாம். ஐசிங் கையில் ஒட்டினால் அருவருக்கிற பிள்ளைக்கு வெண்ணெய்க் கேக்கே நல்லது, கேக்தான் வேண்டுமென்று சட்டமும் இல்லை, பாணில் மெழுகுவர்த்தி குத்தினாலும் பிறந்தநாள்தான். வாயில் கேக் திணிப்பதும் முகத்தில் பூசுவதும் வேண்டாம். (நுரை ஸ்ப்ரே அடிக்கிற மாமாமார்களுக்கு வாசலிலேயே தடை. எனக்கும் அது பிடிக்காது.) சட்டை, ஏற்கெனவே துவைத்துப் போட்ட பழைய சட்டையாகவே இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில் அவன் போன இடத்தையே இந்த முறை நீங்களே ஒரு கம்பளி விரித்துத் தயாராக வையுங்கள், 'போகணும்னா போ' என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனால் யாரும் பின்னால் போகக்கூடாது. தொடவேண்டி வந்தால் மெதுவாகத் தடவாமல், அவன் சம்மதித்தால், அழுத்தி அணையுங்கள். லேசான தொடுகை பல பிள்ளைகளுக்குக் கூச்சத்தைக் கூட்டும்.

பள்ளியில் டொபி கொடுக்கிற வழக்கம் இருந்தால் டீச்சரிடம் முதல்நாளே சொல்லுங்கள், வகுப்பு முழுதும் எழுந்து கைதட்டிப் பாடும் அந்த நிமிடம் அவனுக்குப் பெரிய சோதனை.

கொழுந்தனாரிடம் சவுண்ட் பொக்ஸ் பற்றிப் பேச வேண்டியது உங்கள் கணவர்.

கேள்வி: தங்கச்சி மகளும் இப்படித்தான். 8 வயதுப் பிறந்தநாளுக்கு என்ன வாங்கிப் போகலாம்?
(ஒரு பெரியம்மா, பண்டாரவளை)

பதில்: தாயிடம் கேட்டு வாங்குங்கள். பற்றரி போட்டுக் கத்துகிற பொம்மை மட்டும் வேண்டாம். களிமண், நிறப்பென்சில், மணி கோர்க்கிற பெட்டி பிடிக்கலாம். போனதும் முத்தம் கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அவளாக வருவாள். அப்புறம், பளபளத் தாளில் சுற்றினால் கரகரவென்று கேட்கும், துணிப்பையில் போட்டுக் கொடுங்கள்.