லுசிடானியா பதக்கம்: 'MAY' என்பதில்தான் விஷயம்

நண்பரே, பெட்டியோடு வந்த லுசிடானியா பதக்கத்தில் 5ஆம் தேதி இருக்கிறது, அதனால் அரிய ஜெர்மன் அசல் என்று விற்பவர் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். முதல் உலகப்போரில் லுசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது 1915 மே 7. அதைப் பற்றிப் பதக்கம் செய்த ஜெர்மனியின் மியூனிக் கலைஞர் கார்ல் கோட்ஸ் 5 என்று தவறாகப் போட்டுவிட்டார், அதைக் காட்டி 'பாருங்கள், முன்கூட்டியே திட்டமிட்ட கொலை' என்று பிரச்சாரம் செய்ய பிரிட்டிஷ்காரர்கள் லட்சக்கணக்கில் நகல் அடித்து, அட்டைப்பெட்டியில் துண்டறிக்கையோடு விற்றார்கள். ஆக 5 என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது, அசலிலும் உண்டு நகலிலும் உண்டு.

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மாதம் எம்-ஏ-ஒய் (MAY) என்று இருக்கிறது. ஜெர்மன்காரர் எம்-ஏ-ஐ (MAI) என்றுதான் எழுதுவார். அப்புறம் அந்தத் துண்டறிக்கையே ஆங்கிலத்தில் இருக்கிறதே! சந்தேகமில்லை, பிரிட்டிஷ் நகல்தான்.

அதற்காக ஒதுக்க வேண்டாம், நகலுக்கும் நூறு வயது தாண்டிவிட்டது, பெட்டியும் தாளும் கிழியாமல் கிடைத்தால் நல்லதுதான். நகல் விலைக்குத் தந்தால் மட்டும் வாங்குங்கள். இரும்பு என்பதால் துருப்புள்ளி இருக்கும், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ஈரம் படாமல் வைத்தால் போதும்.