இமயமலை அவ்வளவு உயரமாயிற்றே, ஆறுகள் எப்படி அதைக் குறுக்கே கடந்து வருகின்றன?

மலை இந்த உயரத்தை எட்டுவதற்கு முன்பே சில ஆறுகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன என்பதுதான் வழக்கமான விளக்கம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது. நிலம் மெல்ல மெல்ல உயர, ஆறும் விடாமல் அறுத்துக்கொண்டே போனது. ஓடும் ரம்பத்தை நோக்கி மரத்தைக் கீழிருந்து தூக்கிப் பிடித்த மாதிரி.

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றைப் பாருங்கள். மேற்கே தௌலகிரி 8,167 மீட்டர், கிழக்கே அன்னபூர்ணா 8,091 மீட்டர். நடுவே ஆறு ஓடுவதோ ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில்! சாளக்கிராமக் கற்கள் கிடைப்பதும் இந்த ஆற்றில்தான். அவற்றில் தெரியும் சுருள்கள் மோதலுக்கு முன் இங்கே இருந்த பழைய டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிரினங்களின் புதைபடிவங்கள்.

அப்புறம், சிந்துவும் பிரம்மபுத்திராவும் கயிலாயப் பக்கம் பிறந்து, தொடரின் இரு கோடிகளில் நங்க பர்பத், நம்சா பர்வா சிகரங்களை வளைத்துக்கொண்டு இறங்குகின்றன.