பிரீமியம் பெட்ரோல்: உங்கள் காருக்குத் தேவையா?

வணக்கம் நண்பரே. மலை ஏற்றத்தில் காரில் ‘டக் டக்’ என்று சத்தம் வருவதாகவும், பிரீமியம் பெட்ரோல் போட்டால் அது நின்று மைலேஜும் கூடும் என்று பங்கில் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியைக் குறிக்கும் எண் அன்று. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, பிளக்கின் பொறிக்குக் காத்திராமல் தானாகவே பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனையே அது குறிக்கிறது; அப்படித் தானாகப் பற்றும்போதுதான் இந்த ‘டக் டக்’ சத்தம் எழும். பிரீமியம் பெட்ரோல் என்பது பெரும்பாலும் இந்த எண் கூடிய பெட்ரோல். எனவே அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு) அதிகமுள்ள எஞ்சினுக்கும், 95 ஆக்டேன் கட்டாயம் என்று கையேட்டில் எழுதியிருக்கும் சில டர்போ எஞ்சின்களுக்கும்தான் அதனால் உண்மையான பயன் உண்டு. பெட்ரோல் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். 91 ஆக்டேன் போதும் என்றிருந்தால், கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்தான். போதாக்குறைக்கு, 20 சதவீத எத்தனால் கலந்த சாதாரண பெட்ரோலுக்கே இப்போது 95 ஆக்டேன் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

கணக்கும் இடிக்கிறது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்து, பிரீமியத்துக்கு எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், 15 கிலோமீட்டர் தரும் கார் 16.2 தந்தால்தான் கட்டுப்படியாகும். சாதாரண எஞ்சினில் அது நடக்காது.

சத்தத்துக்குக் காரணம் கரி படிந்த எஞ்சினாகவோ, பொருந்தாத ஸ்பார்க் பிளக்காகவோ, இந்தச் சத்தத்தை உணர்ந்து எஞ்சினுக்குச் சொல்லும் நாக் சென்சாரின் பழுதாகவோ இருக்கலாம். மேல் கியரிலேயே ஏற்றத்தை இழுக்கும் பழக்கமும் (நம்மில் பலருக்கு உண்டு) இதைக் கிளப்பும். முதலில் கியரைக் குறைத்து ஏற்றிப் பாருங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால், பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.