தீவு உயிரினங்களை டிஎன்ஏ வழியாக ஆராய, பிசிஆர் தெரிந்தால் போதுமா?

இளங்கலைப் படிப்பின் நடுவே, கோடை விடுமுறையில் ஒரு தீவின் பூச்சிகளையும் நத்தைகளையும் டிஎன்ஏ பார்கோடிங் (ஒரு மரபணுத் துண்டைப் படித்துச் சிற்றினத்தை அடையாளம் காண்பது) செய்யும் குழுவில் சேரப்போவதாகச் சொல்லி இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. பிசிஆர், அதாவது டிஎன்ஏ துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் முறை, சில நாளில் கைக்கு வந்துவிடும். இந்த வேலை பெரும்பாலும் களத்திலேயே கெட்டுப்போகிறது.

பிடித்ததை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், டிஎன்ஏ சிதைந்துவிடும். உடலிலுள்ள நீர் கலந்து எத்தனால் நீர்த்துவிடும் என்பதால் மறுநாளே புதிதாக மாற்றுங்கள். நத்தை ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டால் எத்தனால் உள்ளே இறங்காது; ஓட்டை லேசாக உடைத்துவிட வேண்டும். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்துவிடும். எண், இடம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குழாய்க்குள்ளேயே போடுங்கள். சீட்டு இல்லாத மாதிரியால் யாருக்கும் பயனில்லை.

ஆய்வகத்தில் பூச்சியின் ஒரு கால் போதும். புரோட்டினேஸ் கே என்ற, திசுவைக் கரைக்கும் நொதி கலந்த கரைசலில் 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க வையுங்கள். பிறகு பார்கோடாகப் பயன்படும், மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சிஓஐ மரபணுவைப் பெருக்க, ஃபோல்மர் குழுவினர் 1994இல் வெளியிட்ட எல்சிஓ1490, எச்சிஓ2198 பிரைமர்களே (பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளையும் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 700 கார இணை அளவில் பட்டை தெரிய வேண்டும். பிரைமர்களைக் கழித்தால் 658. பட்டை வராவிட்டால் டிஎன்ஏவைக் கூட்டாதீர்கள், முதலில் அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். குறிப்பாக நத்தையின் கோழை பிசிஆரைத் தடுக்கும். ஒப்பீட்டுக்காக டிஎன்ஏ சேர்க்காமல் வைக்கும் குழாயிலும் பட்டை தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

சீக்வென்ஸ் (டிஎன்ஏவின் எழுத்து வரிசை) வந்ததும் அதை அமினோ அமில வரிசையாக மாற்றிப் பாருங்கள். நடுவே நிறுத்தக் குறி வந்தால், உட்கருவுக்குள் எப்போதோ குடியேறிய பழைய நகலைப் பெருக்கியிருக்க வாய்ப்புண்டு.

தீவு வேலையின் உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். அந்தத் தீவுக்கே உரிய சிற்றினங்கள் பலவற்றின் சீக்வென்ஸ் ஜென்பேங்க், போல்ட் என்ற பொதுத் தரவுத்தளங்களில் இருக்காது. 91 சதவீதம் பொருந்தும் பெயர் முதலில் வந்து நிற்கும். அது உங்கள் பூச்சியின் பெயராகிவிடாது. புதிய சிற்றினம் என்றும் அவசரப்படாதீர்கள்: என்றோ பெயரிடப்பட்டு, இதுவரை சீக்வென்ஸ் செய்யப்படாமல் இருந்திருக்கலாம். இதைத் தீர்க்க வகைப்பாட்டியலாளருக்கு முழு உடல் தேவை, பல பூச்சிகளில் ஆணின் இனப்பெருக்க உறுப்புதான் அடையாளம். ஒரு காலை மட்டும் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

3 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு சிற்றினம் என்ற எல்லைக்கோட்டையும் அப்படியே நம்பாதீர்கள். நெடுங்காலம் தனித்தனித் தீவுகளில் வாழ்ந்த ஒரே சிற்றினம் அதைத் தாண்டலாம். அண்மையில் பிரிந்த இரு சிற்றினங்கள் ஒரே பார்கோடு காட்டலாம். 28எஸ் போன்ற உட்கரு மரபணு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கிளம்புமுன் சேகரிப்பு அனுமதியை வாங்கிப் படியுங்கள். பிரித்தெடுத்த டிஎன்ஏவை நாட்டுக்கு வெளியே அனுப்பவும் அது இடம் தருகிறதா என்று பாருங்கள்.